கேக்காமலே எழுதுன பதில்

கணக்கெடுக்க ஆள் வந்தால் சேரியில் கதவு பாதிதான் திறக்கும். வந்தவர் எந்தத் தெரு, எழுதிக்கொண்டு போவதை யாரிடம் காட்டுவார், நாளைக்கு அந்தத் தாள் யார் கையில் இருக்கும் என்று தெரியாமல் நம்ம சனங்கள் வாய் திறப்பதில்லை. இதை அறியாமை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருச அனுபவம் என்று நான் சொல்லுவேன். இப்போது கதவைத் தட்டவே வேண்டாம், உள்ளே இருக்கிறவரைக் கேட்கவே வேண்டாம், அவர் என்ன சொல்லுவார் என்பதை மெஷினே சொல்லிவிடும் என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மெஷினிலிருந்து தொடங்க முடியாது. கேக்காமலே பதில் எழுதுவது மெஷினுக்கு ரொம்ப முன்னாடியே இந்த நாட்டில் நடந்துகொண்டிருந்த வேலை.

(தமிழ் எம்.ஏ. படிச்சவளுக்குக் கணக்கெடுப்புல என்ன வேலைன்னு கேக்கலாம். கணக்கெடுப்பு முழுக்கச் சொல்தானே. யாருடைய சொல்லை யார் எந்தச் சொல்லாக மாற்றி எழுதுகிறார் என்பதுதானே அங்கே நடக்கிறது.)

சென்னை மாகாணத்தில் முதல் பெரிய கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. கார்னிஷ் என்கிற வெள்ளைக்கார மருத்துவ அதிகாரி அதற்குப் பொறுப்பு. அறிக்கை எழுதியவர் அவர். ஊர் ஊராக எழுதியவர்கள் பெரும்பாலும் கிராமக் கர்ணங்களும் எழுதப் படிக்கத் தெரிந்த ஊர்க்காரர்களும். சேரிக்குள் கால் வைத்தால் தீட்டு என்றிருந்த காலம் அது. அந்தக் கர்ணம் எங்கே நின்று யாரைக் கேட்டு சேரிக் கணக்கை எழுதியிருப்பார் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். அவருக்கு ஏற்கெனவே தெரியும், இல்லையா? இன்னார் இன்ன சாதி, இன்ன தொழில். தெரிந்ததை எதற்குக் கேட்பது?

1891-இல் பெயின்ஸ் ஆணையராக இருந்தபோது சாதிகளைத் தொழிலை வைத்து அடுக்கினார்கள். 1901-இல் ரிஸ்லி வந்தார். சமூகத்தில் யார் மேலே யார் கீழே என்று உள்ளூர் மக்கள் கருதுகிறார்களோ அந்த வரிசைப்படி அடுக்கச் சொன்னார். உள்ளூர் மக்கள் என்றால் யார்? அதிகாரியிடம் போய்ப் பேசக்கூடியவர்கள். பார்ப்பனரும் வேளாளரும் சொன்னது பொதுக்கருத்து என்று ஏட்டில் ஏறியது. நம்மைப் பற்றி அடுத்தவன் சொன்னதுதான் நம்ம பதில். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருவேன்.

இதற்கெல்லாம் நம்ம ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1891 கணக்கெடுப்பை ஒட்டி அயோத்திதாசப் பண்டிதர், இந்துக்கள் என்று பதிய வேண்டாம், சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியுங்கள் என்றார். கணக்கெடுப்புத் தாளை அவர் ஒரு அரசியல் களமாகப் பார்த்தார். 1922-இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் என்று அரசு ஆணை போட்டது. ஒரு சொல்லுக்காக முப்பது வருசம்.

இதைவிடப் பெரிய சங்கதி பஞ்சாபில் நடந்தது. தமிழில் இதைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மங்கூராம் என்பவர் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்காரர். தோல் வேலை செய்த சமார் குடும்பம். அமெரிக்காவுக்குப் பழத்தோட்டக் கூலியாகப் போய், அங்கே கதர் இயக்கத்தில் சேர்ந்து, ஊர் திரும்பியவர். 1926-இல் முகோவால் கிராமத்தில் கூட்டம் கூட்டி ஆதி தர்மம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நாம் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இந்த மண்ணின் முதல் குடிகள், நமக்குத் தனிச் சமயம் என்றார்கள். 1931 கணக்கெடுப்பில் ஆதி தர்மத்தைத் தனிச் சமயமாகப் பதிய அனுமதி வாங்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களின் மிரட்டலையும் அடியையும் மீறி 4,18,789 பேர் தங்களை ஆதி தர்மி என்று எழுத வைத்தார்கள். அதற்கு முந்தைய 1921 கணக்கெடுப்பில் அப்படி ஒரு சமயமே கிடையாது. பத்தே வருசத்தில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நாலு லட்சம் பேர். பஞ்சாபைப் பற்றி 1930 வரைக்கும் அச்சான அத்தனை புத்தகத்தையும் அறிக்கையையும் படித்த ஒரு ஆளை உட்கார வைத்து, இந்தத் தெருவில் இருக்கிற தோல் தொழிலாளி தன் சமயம் என்ன என்று சொல்லுவார் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? இந்து என்றிருப்பார். படித்ததெல்லாம் அப்படித்தானே இருந்தது.

அடுத்த வருசமே இதற்கு நேர்மாறாக ஒரு வேலை நடந்தது. 1932-இல் லோதியன் குழு வாக்குரிமையைப் பற்றி விசாரிக்க வந்தபோது, தீண்டப்படாதார் எத்தனை பேர் என்று மாகாணங்களில் கேட்டார்கள். எண்ணிக்கைக்கு ஏற்றபடி பிரதிநிதித்துவம் என்று பேச்சு வந்ததுதான் தாமதம், வங்காளத்திலும் ஐக்கிய மாகாணத்திலும் எங்க பக்கம் அப்படி யாரும் பெரிதாகக் கிடையாது என்று சாதி இந்து உறுப்பினர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கோடியில் இருந்தவர்கள் ஒரே வருசத்தில் லட்சங்களுக்குள் சுருங்கிப்போனார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் அந்தக் குழுவில் இருந்து இதோடு மல்லுக்கட்டியவர். பிறகு இந்த மோசடியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். எண்ணிக்கைக்குப் பின்னால் நிலமோ நாற்காலியோ இருக்கும்போது எண்ணுகிறவனின் கை எப்படி நடுங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இதே கதைதான். மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு மாநில அரசுகள் எங்களிடம் அப்படி யாரும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. 2011 கணக்கெடுப்பில் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது உங்க வீட்டுக் கழிப்பிடம் எந்த வகை என்று ஒரு கேள்வி. அதில் மனிதர் கையால் சுத்தம் செய்யும் கழிப்பிடங்கள் 7,94,390 என்று வந்தது. இல்லவே இல்லை என்றவர்கள் வாயை மூடினார்களா? கணக்குத் தப்பு என்றார்கள். சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் ஊரகத்தில் மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வேலையில் இருப்பதாகப் பதிவானது. அரசாங்கத் தாள்களை மட்டும் படித்திருந்தால் பூச்சியம். வீட்டில் போய்க் கேட்டதால் லட்சம்.

இனி மெஷினுக்கு வருவோம். எல்எல்எம் என்று சுருக்கிச் சொல்கிற பெருமொழி மாதிரிகள் என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்திலும் புத்தகத்திலும் இருக்கிற எழுத்தை மலை மலையாகத் தின்று, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கற்றுக்கொள்கின்றன. தமிழில் மாதிரி என்ற சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! ஆய்வாளர் எடுக்கிற மாதிரியும் மாதிரிதான், இந்த மெஷினும் மாதிரிதான், ஆள் மாதிரி பேசுது என்கிறோமே அதுவும் மாதிரிதான். மூன்றும் இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டது.

2023-இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நாட்டுத் தேர்தல் ஆய்வில் பதில் சொன்ன உண்மையான ஆட்களின் வயது, இனம், பால், கட்சி, ஊர் முதலான விவரங்களை ஜிபிடி-3 மெஷினுக்குக் கொடுத்து, இப்படிப்பட்ட ஆளாக இருந்து பதில் சொல்லு என்றார்கள். மெஷின் சொன்ன பதில்கள் அசல் ஆட்களின் பதில்களோடு பெரிதும் ஒத்துப்போயின. இதற்குச் சிலிக்கான் மாதிரி என்று பெயர். ஆயிரம் பேரைத் தேடிப் போக வேண்டாம், பயணப்படி வேண்டாம், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். சந்தை ஆய்வு செய்கிற கம்பெனிகளுக்கு வாயில் எச்சில் ஊறாமல் இருக்குமா?

மற்ற ஆய்வாளர்கள் நோண்டிப் பார்த்தார்கள். அதே 2023-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், இந்த மெஷின்களின் கருத்து யாருடைய கருத்தோடு ஒத்துப்போகிறது என்று அறுபது மக்கள் பிரிவுகளை வைத்துப் பார்த்தார்கள். மனிதர்களைக் கொண்டு திருத்திப் பழக்கிய மெஷின்கள் படித்த, வசதியான, தாராளவாதச் சிந்தனை உள்ளவர்கள் பக்கம் சாய்ந்திருந்தன. வயதானவர்கள், துணையை இழந்தவர்கள் கருத்தெல்லாம் சரியாக வரவில்லை. 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு: சாட்ஜிபிடி சொல்லும் பதில்களின் சராசரி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம் காணாமல் போகிறது. அதே கேள்வியைச் சில மாதம் கழித்துக் கேட்டால் பதில் வேறு. 2025-இல் நேச்சர் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இன்னும் நேரடியாகப் பேசியது. ஒடுக்கப்பட்ட பிரிவு ஒன்றைச் சொல்லி அந்த ஆளாகப் பேசு என்றால், மெஷின் அந்தப் பிரிவினர் தங்களைப் பற்றிப் பேசுவதைவிட, வெளியாட்கள் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ அதைப் பேசுவதற்கு நெருக்கமாகப் போகிறது.

ரிஸ்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே, அதற்காகத்தான்.

இவையெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்து குவிந்து கிடக்கிறது. நம்ம பக்கம்? இணையப் பக்கங்களை வாரி எடுக்கிற காமன் கிரால் சேகரிப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு ஆங்கிலம். தமிழ் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தமிழிலும் சேரித் தமிழ் எவ்வளவு? இந்திய சாதி, மத விசயத்தில் இந்த மெஷின்களைச் சோதிக்க 2023-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனைத் தொகுப்பே தயாரித்தார்கள். பார்ப்பனர் என்றால் அறிவு, தலித் என்றால் அழுக்கு வேலை என்கிற பழைய முத்திரையைத்தான் பெரும்பாலான மெஷின்கள் தேர்ந்தெடுத்தன. மெஷினுக்குச் சாதி உண்டா என்று சிரிக்கிறார்கள். தின்ற சோறு யார் வீட்டுச் சோறோ அந்த ருசிதானே நாக்கில் இருக்கும்.

அமெரிக்கர்களுக்கே இது புதுசு இல்லை. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்குத் தபால் அட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டது. தொலைபேசிப் புத்தகமும் கார்ப் பதிவும் பார்த்து எடுத்த முகவரிகள். சுமார் 24 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். பஞ்சக் காலத்தில் போன் இல்லாதவனும் கார் இல்லாதவனும் பட்டியலில் குறைவு. பட்டியலில் இருந்தவர்களிலும் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்தான் மெனக்கெட்டு அட்டை போட்டார்கள். அன்றைக்குப் போன், இன்றைக்கு இணையத்தில் எழுதுகிற கை. குவியல் பெரிசாக இருந்தால் உண்மையும் பெரிசாக இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் மாறவே இல்லை.

நான் வட மாவட்டம் ஒன்றில் தீண்டாமை பற்றிய கணக்கெடுப்பில் வேலை செய்தேன். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை உண்டா என்பது எங்கள் தாளில் ஒரு கேள்வி. ஒரு காலனியில் எல்லோரும் இல்லை என்றார்கள். எனக்கும் சந்தோசம்தான். மூணாவது தடவை போனபோது, களையெடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சொன்னது இது:

"கெளாசு எங்கம்மா ரெண்டு? அதெல்லாம் எப்பவோ போச்சு. இப்ப நமக்குக் காயிதக் கப்பு. அவங்களுக்குக் கெளாசு. நீ ரெண்டு கெளாசு இருக்கான்னு கேட்ட. இல்லன்னேன். பொய்யா சொன்னேன்?"

பொய் சொல்லவில்லை. கேள்விதான் இருபது வருசம் பழசு. நான் தாளின் ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். பிறகு திட்ட அலுவலகம் ஒன்றில் தாள்களைக் குறியீடாக மாற்றும்போது ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள். பட்டியலில் 'இல்லை' என்று ஏறியது. அங்கே இருந்தவர்கள் மனிதர்கள்தான், மெஷின் இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒரு நாள் எங்களில் சிலர் சேர்ந்து மெஷினிடம் கேட்டுப் பார்த்தோம். நீ ஐம்பது வயது அருந்ததியப் பெண், விவசாயக் கூலி, உன் ஊர்க் கடையில் உன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று. பதில் ஓடோடி வந்தது. நல்ல தமிழ். எனக்கு வாத்தியாராக இருந்தவர்கள் மார்க் போடுவார்கள். சமூகத்தில் இன்னும் பாகுபாடு நிலவுகிறது, கல்வியும் விழிப்புணர்வும்தான் தீர்வு, என் பிள்ளைகள் காலத்தில் மாறும் என்று நம்புகிறேன் என்றது. ஐந்து தடவை கேட்டோம். ஐந்து தடவையும் அதே அம்மா, அதே நம்பிக்கை. காயிதக் கப்பு வரவில்லை. எங்கள் பெரியம்மா ஒரு தடவைகூட விழிப்புணர்வு என்ற சொல்லைச் சொன்னதில்லை. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "எழுதிட்டுப் போயி என்ன பண்ணப் போற? போன வருசமும் ஒருத்தி வந்தா." மெஷின் இப்படிக் கேட்பதே இல்லை. பண்ணையார் வீட்டு ஆள் பக்கத்தில் நின்றால் பேச்சை மாற்றுவதும் இல்லை. பதில் சொல்ல மாட்டேன் போ என்று எழுந்து போவதும் இல்லை. கணக்கெடுப்பில் எனக்குக் கிடைத்த விவரங்களில் பாதி அந்தப் பேச்சு மாறிய இடங்களில் இருந்துதான் கிடைத்தது.

கேட்கும் விதத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நாடு தழுவிய சாட்சியே இருக்கிறது. 2011-12-இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில், உங்க வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் விடாமல், தாழ்த்தப்பட்டவர் உங்க அடுப்படிக்கு வந்தாலோ பாத்திரத்தைத் தொட்டாலோ பிரச்சனையா என்று இன்னொன்று கேட்டார்கள். முதலில் இல்லை என்றவர்களில் ஒரு பகுதி இங்கே மாட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து சுமார் 27 சதவீதக் குடும்பங்கள். தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தில் 17-ஆவது பிரிவு எழுதி அறுபது வருசம் கழித்து. அந்த இரண்டாவது கேள்வியை யோசித்தவர் இந்த நாட்டு அடுப்படியைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

மெஷினால் ஆள் இல்லாமல் பதில் தயாரிப்பதை நம்ம ஊரில் அரசாங்கம் உடனே செய்துவிடப் போவதில்லை என்று ஒரு தோழர் சொன்னார். இருக்கலாம். என் கவலை அதற்கு அடுத்த அறையில் இருக்கிறது. ஆட்கள் சொன்ன பதிலை வகை பிரித்துக் குறியீடு போடும் வேலையை இப்போது ஆய்வுலகம் வேகமாக இந்த மெஷின்களிடம் கொடுத்துவருகிறது. 2011 சாதிக் கணக்கெடுப்பில் என்ன ஆயிற்று? சாதி, உட்சாதி, பட்டப்பெயர், குலம் என்று சனங்கள் சொன்ன பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல். 1931-இல் சாதிகள் 4,147 என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொல்லி, இந்தக் குழப்பத்தைக் காட்டியே 2021-இல் விவரங்களை வெளியிட மறுத்தது. 46 லட்சத்தைச் சில ஆயிரத்துக்குள் அடக்க வேண்டுமானால் மனிதக் கையால் வருசக்கணக்கில் ஆகும். மெஷின் சில நாளில் செய்துவிடும். 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. கைபேசிச் செயலியில் பதிகிற கணக்கெடுப்பு அது. அங்கே வரும் பெயர்களை யார் எதோடு சேர்ப்பார்கள்?

தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகள் 76. ஆதி திராவிடர் ஒரு வரி, பறையர் வேறு வரி. 2009-இல் அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, பகடை, தோட்டி, மாதிகா, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பெயர்களுக்கும் சேர்த்து மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021-இல் ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது, ஆனால் விவரம் காட்டு என்றது. விவரம் என்றால் இந்தக் குறியீடுதான். ஒருவர் 'ஆதி' என்று தொடங்கி மென்று விழுங்கினால் அவர் ஆதி திராவிடரா, ஆதி ஆந்திரரா? ஒரு எழுத்துத் தள்ளினால் ஒரு குடும்பம் ஒரு ஒதுக்கீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். கர்ணம் தப்பாக எழுதினால் அவர் வீட்டு வாசல் தெரியும். எம்.சி. ராஜாவுக்கு மனுப் போட ஒரு அரசாங்கம் இருந்தது. இன்றைக்கு ஒன்று சொல்லி மூன்று மாதத்தில் வேறொன்று சொல்கிற மெஷின் போட்ட குறியீட்டுக்கு எந்த அலுவலரின் கையெழுத்து இருக்கும்?

மெஷினைத் தொடவே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஒலிப்பதிவை எழுத்தாக்க உதவுகிறது, தப்பும் தவறுமாக இருந்தாலும். கேள்வித்தாளைக் கொடுத்து இதில் எந்தக் கேள்வி குழப்பும் என்று கேட்டால் சில நல்ல யோசனை சொல்கிறது. அது போட்ட குறியீட்டை ஆளை வைத்துச் சரிபார்த்து, எத்தனை இடத்தில் மாறுகிறது என்று வெளியிட்டால் பயன்படுத்தலாம். பதில் சொன்னவர் இடத்தில் அதை உட்கார வைக்கிறபோதுதான் தகராறு.

எங்கள் குழுவில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சொன்னதைச் சொன்னபடியே எழுதிய தாள் ஒன்று அந்தந்தக் காலனியில் ஒருவர் வீட்டில் இருக்கும். குறியீடு போட்ட பட்டியலை அங்கேயே கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறோம். போன முறை வாசித்தபோது 'இரட்டைக் குவளை: இல்லை' என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண்களே ஒரு புது வரி சொன்னார்கள்: கடையில் உங்களுக்குக் கொடுக்கிற கப்பைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா, குப்பையில் போடச் சொல்வாரா? அடுத்த சுற்றுத் தாளில் அது ஏழாவது கேள்வி.